கேரவனைத் தின்ற ஈரம்

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஏ.சி. வண்டிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் கேரவன் என்பது வேறு. காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் சின்ன வீடு அது. உள்ளே கட்டில், அடுப்பு, மேசை, அலமாரி எல்லாம் இருக்கும். ஹோட்டல் வாடகை கட்டுப்படியாகாத எத்தனையோ குடும்பங்கள் கோடை விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போனது இதில்தான்.

இந்தச் சின்ன வீட்டின் பரம எதிரி ஈரம். பழைய கேரவன் வாங்கப் போகிறவர்கள், விவரம் தெரிந்தவர்களாக இருந்தால், கதவைத் திறந்ததும் முதலில் மோந்து பார்ப்பார்கள். பூசண வாடை அடித்தால் பேரம் பேசாமலே திரும்பி விடுவார்கள். வெளியே அலுமினியத் தகடு பளபளவென்று இருக்கும். உள்சுவரை விரலால் அழுத்தினால் டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரி அமுங்கும். உள்ளே இருக்கும் மரச்சட்டம் எப்போதோ மக்கிப் போயிருக்கும்.

அடிக்கடி மழை பெய்யும் நாட்டில் மழை தாங்காத வண்டியை ஏன் செய்தார்கள்? பதிலில் பாதி மரத்தில் இருக்கிறது. மீதிப் பாதி கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது!

குதிரை இழுத்த காலம்

இங்கிலாந்தின் ரோமானி நாடோடி மக்கள் 19-ம் நூற்றாண்டின் நடுவில் இருந்து 'வார்டோ' என்ற குதிரை வண்டி வீடுகளில் வாழத் தொடங்கினார்கள். சில வகை வார்டோக்களில் கூரையின் நடுப்பகுதியைச் சற்று உயர்த்தி, அதன் பக்கங்களில் சின்ன ஜன்னல்கள் வைத்திருப்பார்கள். வெளிச்சம் வரவும், அடுப்பின் ஆவியும் மூச்சுக்காற்றின் ஈரமும் வெளியே போகவும் அது உதவியது. வண்டியிலேயே வாழ்ந்தவர்களுக்கு ஈரத்தின் குணம் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட முதல் கேரவனாகச் சொல்லப்படுவது 'வாண்டரர்'. பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்து, பிறகு சிறுவர்களுக்கான சாகசக் கதைகள் எழுதிய வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ், 1885-ல் பிரிஸ்டல் நகர வண்டித் தொழிற்சாலை ஒன்றில் இதைச் செய்யச் சொன்னார். மகோகனி, மேப்பிள் போன்ற உறுதியான மரங்கள். சாமான்களோடு எடை சுமார் 2 டன். இரண்டு குதிரைகள் இழுக்க, ஒரு பணியாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய் வழி பார்க்க, அந்த ஆண்டே ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை சென்றார்.

அந்தக் கால வண்டித் தச்சர்கள் செய்த வேலையில் ஒரு வசதி உண்டு. பலகை பலகையாகச் சேர்த்தது என்பதால் பலகை பலகையாகக் கழற்றலாம். ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றி, பெயின்ட் அடித்து, வார்னிஷ் பூசினால் போதும். வாண்டரர் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஆனால் அப்படி ஒரு வண்டி வைத்திருப்பது அன்று வசதியானவர்களால் மட்டுமே முடிந்த காரியம்.

எடையைக் குறை, விலையைக் குறை

முதல் உலகப் போர் முடிந்ததும், 1919-ல், பர்மிங்ஹாமைச் சேர்ந்த எக்லஸ் நிறுவனம் கார் இழுக்கும் கேரவன்களைத் தயாரித்து விற்கத் தொடங்கியது. அப்போது பிறந்தது எடைப் பிரச்னை. 2 டன் மகோகனியை அன்றைய சின்னக் காரால் இழுக்க முடியாது. எனவே கனமான மரம் போய் மெல்லிய சட்டமும் மெல்லிய பலகையும் வந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விலைப் பிரச்னையும் சேர்ந்துகொண்டது. சாம் ஆல்பர் என்பவர் 'ஸ்பிரைட்' என்ற கேரவனை 1949 வாக்கில் 200 பவுண்டுக்கும் குறைவான விலையில் கொண்டுவந்தார். மலிவுப் பொருள் உடைந்துவிடும் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா? அவரே ஒரு ஸ்பிரைட்டை மத்தியதரைக் கடலைச் சுற்றி 10,000 மைல் இழுத்துச் சென்று காட்டினார். சாதாரணக் குடும்பங்களும் கேரவன் வாங்க முடிந்தது. இது சின்ன விஷயம் இல்லை.

பிறகு வந்த கேரவன்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் அமைந்தன. ஓர் அங்குல அளவில் மென்மரச் சட்டங்கள், வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே 3 மில்லிமீட்டர் பிளைவுட், நடுவில் குளிர் தாங்க ஏதாவது ஓர் அடைப்பு. தகடுகள் சேரும் மூலைகளில் ஓர் அலுமினியப் பட்டை, அதன் அடியில் 'மாஸ்டிக்' என்ற பசை, மேலே வரிசையாக ஸ்க்ரூ. ஜன்னல், விளக்கு, கைப்பிடி எல்லாமே இப்படித்தான் பொருத்தப்பட்டன.

விஷயமே அங்கேதான் இருக்கிறது. தகட்டின் வழியாகத் தண்ணீர் போகாது. ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஓர் ஓட்டை. அந்த ஓட்டையைக் காப்பது பசை மட்டுமே. வெயிலிலும் குளிரிலும் வண்டி குலுங்கக் குலுங்க, அந்தப் பசை சில ஆண்டுகளில் காய்ந்து வெடித்துவிடும். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நீடித்தால் பூஞ்சை பிடிக்கும் அபாயம் தொடங்குகிறது. பூஞ்சை மரத்தின் சத்தைத் தின்ன, சட்டம் தூளாகிறது. ஸ்க்ரூ பிடிப்பை இழக்கிறது. பட்டை இன்னும் தளர்கிறது. இன்னும் தண்ணீர் போகிறது.

மழை மட்டும் காரணம் இல்லை. ஒரு கிலோ புரோபேன் வாயு எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வரும். புகைபோக்கி இல்லாத கேஸ் அடுப்பை மூடிய கேரவனில் எரித்தால் அது குளிர்ந்த சுவரில்தான் போய்ப் படியும்.

விடுமுறைக்கு வந்தவர்கள் இரண்டு வாரத்தில் வீடு திரும்பிவிடலாம். போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தில் கேரவனையே வீடாகக் கொண்டவர்கள் எங்கே போவார்கள்? 1959-ல் ஆர்டன் வில்சன் அரசுக்குக் கொடுத்த அறிக்கை, சுமார் ஒன்றரை லட்சம் பேர் கேரவன்களில் வசிப்பதாகக் கணக்கிட்டது. அவர்களுக்கு இந்த ஈரம் தினமும் உடம்பில் படும் விஷயம்.

அமெரிக்காவின் வெள்ளி வண்டி

மரச்சட்டமே இல்லாவிட்டால் பிரச்னை தீருமா? அமெரிக்காவில் வாலி பயாம் 1936-ல் கொண்டுவந்த 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' விமானம் போல அலுமினியத்தில் ரிவெட் அடித்துச் செய்யப்பட்டது. சுவர் மக்காது. ஆனால் தரை? அது பிளைவுட்! ரிவெட் வழியாகவும் ஜன்னல் ஓரத்திலும் கசிந்த நீர் சுவருக்குள் இறங்கி, சுவரின் அடியில் மாட்டியிருக்கும் பிளைவுட் ஓரத்தில் தங்கியது. பின்பக்கத் தரை மக்கி, உடலுக்கும் அடிச்சட்டத்துக்கும் உள்ள பிடி விட்டுப்போவது 1970-களின் நீளமான வண்டிகளில் பெயர் பெற்ற கோளாறு. அதை முழுமையாகச் சரிசெய்ய, அலுமினியக் கூட்டையே தூக்கி வைத்துவிட்டுப் புதுத்தரை போட வேண்டும்.

எப்படிச் சரிசெய்கிறார்கள்?

முதலில் இரண்டு ஊசி உள்ள ஈரமானியால் சுவர் முழுக்கக் குத்திப் பார்த்து, எங்கே ஈரம் அதிகம் என்று குறித்துக்கொள்வார்கள். கறை தெரியும் இடமும் தண்ணீர் நுழைந்த இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. கூரை மூலையில் நுழைந்த நீர் கட்டிலுக்கு அடியில் போய்த் தெரியும். எனவே நுழைந்த வழியைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

பிறகு உள்பிளைவுட்டை உரித்து, மக்கிய சட்டத்தை நல்ல மரம் வரும் வரை, அதற்கும் கொஞ்சம் தள்ளியே, வெட்டி எடுக்க வேண்டும். மீதியை வாரக்கணக்கில் உலரவிட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். அவசரப்பட்டு மூடினால் பூஞ்சையையும் சேர்த்தே மூடியதாகிவிடும். உலர்ந்த பிறகு பூஞ்சைத் தடுப்பு மருந்து பூசி, புதுச் சட்டத்தைப் பழையதோடு ஒட்டுப்போட்டு, புதுப் பிளைவுட் அடிக்கிறார்கள். வெளியே பட்டைகளைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புது மாஸ்டிக் வைத்து முறுக்குகிறார்கள்.

குறுக்கு வழியும் உண்டு. மக்கிய சுவர்மேல் புதுப் பலகை அடித்து, வெளியே சிலிக்கானைப் பூசி விற்றுவிடுவது! சிலிக்கான் பூச்சு உள்ளே இருக்கும் நீரைச் சிறைப்படுத்தும். அதன்மேல் பிறகு வேறு எதுவும் ஒட்டாது. வாங்கியவர் ஒரு மழைக்காலம் கழித்துத்தான் உண்மையைத் தெரிந்துகொள்வார்.

யார் கொடுத்த விலை?

1980-களில் தகடு, நுரை, பிளைவுட் மூன்றையும் ஒன்றாக ஒட்டிய சுவர்கள் பரவலாயின. எடையும் தயாரிப்பு நேரமும் குறைந்தன. ஆனால் உள்ளே ஈரம் போனால் ஒட்டு விட்டுப்போகும். கழற்றி மாற்றப் பலகை எதுவும் தனியாக இல்லை. 2010-களில் பெய்லி, ஸ்விஃப்ட் போன்ற நிறுவனங்கள் சுவர்ச் சட்டத்தில் மரத்தையே தவிர்க்கத் தொடங்கின. இது பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் பட்டையும் பசையும் இன்னும் இருக்கின்றன.

ஸ்பிரைட் 200 பவுண்டுக்குக் கீழே விற்றபோது மீதி விலை எங்கே போனது? இருபது, முப்பது ஆண்டுகள் தள்ளி, மூன்றாவது கையாக அந்த வண்டியை வாங்கிய ஒருவரின் தலையில் போய் விழுந்தது. சட்டத்தை மாற்றியவரும், வாரக்கணக்கில் உலரக் காத்திருந்தவரும் கொடுத்தது அந்தப் பாக்கியைத்தான். ஸ்பிரைட்டைத் தயாரித்து வந்த கேரவன்ஸ் இன்டர்நேஷனல் குழுமம் 1982-ல் நொடித்துப் போனது. பாக்கியைக் கேட்க விலாசமும் இல்லை.

இதற்காக ஆல்பரைக் குறை சொல்லவும் முடியாது. விலை குறைவாக இருந்ததால்தான் பல குடும்பங்கள் கடலைப் பார்த்தன. வண்டி கொடுக்கும்போதே, "இந்தப் பசை காயும், சில வருடத்துக்கு ஒருமுறை பட்டையைக் கழற்றிப் புதுசு வை" என்று யாராவது அழுத்திச் சொல்லியிருந்தால், இன்னும் எத்தனையோ ஸ்பிரைட்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு டியூப் மாஸ்டிக்கும் ஒரு சனிக்கிழமையும்தான் செலவு.