பிச்சை (இயற்பெயர்)

தமிழகத்தில் ஆண்களுக்கு வழங்கும் மரபுப் பெயர், பெண்பால் பிச்சையம்மாள். வடமொழி ‘பிட்சா’ என்பதன் தமிழ் வடிவம். முதலில் பிறந்த பிள்ளைகள் தக்காமல் போன வீட்டில், அடுத்த குழந்தையைத் தெய்வம் இட்ட பிச்சையாகக் கருதி இப்பெயரிட்டனர். எளிய பெயர் கண்ணேறையும் கூற்றுவனையும் விலக்கும் என்பது நம்பிக்கை. குழந்தையைத் தவிட்டுக்கு விற்று வாங்கும் சடங்கும், குப்பையில் கிடத்தியெடுத்துக் குப்புசாமி, குப்பம்மாள் எனப் பெயரிடும் வழக்கமும் இதே அச்சத்தில் பிறந்தவை. பிச்சை என்பதை இழிவுப் பெயராக எண்ணுவது தவறு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்தந்தையரின் மன்றாட்டு இது.

பிச்சாண்டி என்ற பெயரின் வழி வேறு: கபாலம் ஏந்திப் பிச்சை ஏற்ற சிவனின் பிட்சாடனர் கோலத்தைக் குறிப்பது. திருச்சிக்கு அருகே பிச்சாண்டார்கோயில் என ஊரே உண்டு. பிச்சை என்ற சொல் சேர்ந்த பெயரால் அறியப்படும் புதுக்கவிதை முன்னோடி ந. பிச்சமூர்த்தியின் (1900–1976) இயற்பெயர் வேங்கட மகாலிங்கம். தமிழ் முஸ்லிம்களிடையேயும் பிச்சை என்ற பெயர் வழங்குகிறது.