ஊருக்கு ஒரு கூடம் பிறந்த கதை

1877. சேலம் சீமையைத் தாது வருடப் பஞ்சம் உலுக்கிப் போட்டிருந்த நேரம். வயிற்றுப்பாடே பெரும்பாடாக இருந்த அந்த நாளில், 23 வயது இளைஞர் ஒருவர் துணிந்து தமிழ்ப் பத்திரிகை தொடங்கினார். பெயர் 'சேலம் தேசாபிமானி'. ஈரோட்டில் பிறந்த அந்த இளைஞர் சே.ப. நரசிம்மலு நாயுடு. அவர் பெயரின் முதலெழுத்தான 'சே' சேலத்தைத்தான் குறித்தது. ஆனால் சேலம் அவரை நெடுநாள் வைத்துக்கொள்ளவில்லை.

மேற்கே கோயம்புத்தூருக்குப் போனார். 'கோயம்புத்தூர் அபிமானி', 'கோயம்புத்தூர் கலாநிதி' என்று அங்கேயும் அச்சு ஓடியது. சேலத்தைப் போலவே கோவையிலும் 1866 முதல் நகரசபை இருந்தது. 1882-இல் வைஸ்ராய் ரிப்பன் பிரபு, உள்ளூர் மன்றங்களில் மக்களுக்குக் கூடுதல் இடம் தரவேண்டும் என்று தீர்மானம் வெளியிட்டார். ஊர்க்காரியத்தை ஊராரே பேசும் காலம் வந்துவிட்டது. எங்கே கூடிப் பேசுவது?

மூன்றாண்டு கழித்து நாயுடு பார்த்த கூட்டம் ஒன்று அந்தக் கேள்விக்கு வலுச் சேர்த்தது. காங்கிரசின் முதல் மாநாட்டைப் புனேயில் நடத்துவதாக ஏற்பாடு. கடைசி நேரத்தில் அங்கே காலரா பரவ, இடம் பம்பாய்க்கு மாறியது. கோகுல்தாஸ் தேஜ்பால் சம்ஸ்கிருதக் கல்லூரி இடம் கொடுத்தது. 1885 டிசம்பர் 28 அன்று அங்கே கூடிய 72 பிரதிநிதிகளில் நாயுடுவும் ஒருவர். தேசத்தைப் பற்றிப் பேசவும் முதலில் தலைக்குமேல் ஒரு கூரை வேண்டியிருந்தது. கோவைக்கு அந்தக் கூரை எப்படிக் கிடைக்கும்?

வழி லண்டன் பக்கமிருந்து வந்தது. 1887-இல் விக்டோரியா மகாராணி அரியணை ஏறிய பொன்விழா. சென்னையில் ராபர்ட் சிஷோமின் வரைபடப்படி, பொதுமக்கள் நன்கொடையில் உருவான மண்டபத்துக்கு ராணியின் பெயரையே வைத்தார்கள். கோவையிலும் பொன்விழா நினைவாக ஏதாவது செய்யவேண்டும் என்ற பேச்சு எழுந்தது. நாயுடு முன்னின்றார். வாணவேடிக்கை ஓர் இரவில் கரிந்துபோகும். கூடம் கட்டினால் பேரப்பிள்ளைகளுக்கும் நிற்கும். ஆனால் பொன்விழா ஆண்டு முடிந்தது. அடுத்த ஆண்டும் போனது. கூடம் எழவில்லை.

ஐந்தாண்டுகள் கடந்து, 1892-இல்தான் கட்டடம் முழுமை பெற்றது. சென்னையில் பின்னாளில் எழுந்த ரிப்பன் மாளிகையின் நீளமும் உயரமும் இதற்கு இல்லை. கடைவீதிகளின் நடுவே, கோனியம்மன் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில், ஊரோடு ஊராக நின்றது. ராணியின் பெயர் சுவரில் இருந்தது; உள்ளே கேட்டது ஊராரின் குரல். சிறுவாணித் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவர வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் நாயுடு முன்னோடி. அந்தத் தண்ணீர் வந்து சேருமுன், 1922-இல் அவர் மறைந்தார்.

கூடம் நிலைத்தது. 1981-இல் மாநகராட்சியாக உயர்ந்த கோவையின் மாமன்றம் இன்றும் கூடுவது அங்கேதான். ராணியின் பெயர் மட்டும் மக்கள் நாவில் ஒட்டவே இல்லை. ஒப்பணக்காரத் தெருப் பக்கம் பஸ் நுழையும்போது கண்டக்டர் குரல் கொடுப்பது ஒரே சொல்லைத்தான்: 'டவுன்ஹால்!' துணி எடுக்கவும் நகை வாங்கவும் இறங்குகிற கூட்டம், சேலத்தைத் தன் முதலெழுத்தாகச் சுமந்துவந்த ஒரு பத்திரிகைக்காரரின் கனவுக்கு எதிரே இறங்கி நடக்கிறது.