சானடோரியமும் பிள்ளைகளும்

குரோம்பேட்டையை அடுத்து வரும் ரயில் நிலையம் தாம்பரம் சானடோரியம். நாள்தோறும் கேட்கும் அப்பெயருக்குள் எத்தனை பிரிவுகள் அடங்கியுள்ளன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

1928-இல் மருத்துவர் சௌரி முத்து அங்கே காசநோய் மருத்துவமனையை நிறுவினார். நோயைக் குணமாக்கும் மருந்து அன்றில்லை. தூய காற்றும் ஓய்வும் நல்லுணவுமே சிகிச்சை. நோயுற்ற தாயோ தந்தையோ மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்க நேர்ந்தது. பிள்ளைகளைக் காக்கும் பிரிவுதான் அது. ஆயினும், காரணம் சொல்லப்படாத பிள்ளைக்கு அது கைவிடப்படுதலாகவே தோன்றியிருக்கும்.

பின்னர் மருந்துகள் வந்தன. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வொன்று, வீட்டுச் சிகிச்சையையும் சானடோரியச் சிகிச்சையையும் ஒப்பிட்டது. மருந்தை முறையாக உட்கொண்டால் வீட்டிலிருந்தே குணமடையலாம், அதனால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தில்லை என அது காட்டியது. 1959-இல் வெளியான அம்முடிவு, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. அன்னையரை வீட்டிலேயே இருத்திய ஆய்வு அது எனவும் நாம் கொள்ளலாம்.

2020-இல் கொரோனா வந்தபோது, அதே வளாகத்து மருத்துவமனை மீண்டும் தொற்றாளரை ஏற்றது. தமிழகத்தில் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அதுவரை அவர்கள் உலகை அறிந்தது பெரும்பாலும் பெற்றோர் முகத்தின் வழியே. அம்முகத்தில் கண்ட அச்சத்தையே தம் அச்சமாக்கிக்கொண்டனர். உண்மையை வயதுக்கேற்பச் சொல்லுங்கள், அன்றாட ஒழுங்கைக் குலைக்காதீர்கள், பிரிய நேர்ந்தால் அடிக்கடி பேசுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் அப்போது அறிவுறுத்தியது.

1928-இன் பிள்ளையும் அதைத்தான் வேண்டியிருக்கும்: அம்மா எங்கே, எப்போது வருவாள் என்பதற்கு ஒரு நேர்மையான பதில்.