சொந்தக்காரர்களுக்கே தடை போட்ட விளையாட்டு

கனடாவில் மகன் வீட்டில் தங்கியிருந்த ஒரு கோடையில், பேரன் நீளக் கம்பு ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து நின்றான். கம்பின் நுனியில் சின்ன வலைப்பை. "இதுதான் லக்ரோஸ், தாத்தா" என்றான். ரப்பர் பந்தை அந்த வலையில் ஏந்திக்கொண்டு ஓடி, எதிரணியின் கோலுக்குள் வீச வேண்டுமாம். இதை முதலில் யார் ஆடினார்கள் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. முப்பது வருஷம் சரித்திர வாத்தியாராக இருந்தவனுக்கு அது போதாதா? மறுநாளே நூலகத்துக்குப் போய்விட்டேன்.

வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஆட்டம் இது. அவர்களில் ஹவுடெனசோனி என்ற ஆறு இனங்களின் கூட்டமைப்புக்கு இது தெய்வம் தந்த கொடை. நோயாளி குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஆடுவார்கள். ஆண் குழந்தை பிறந்தால் தொட்டிலிலேயே சிறு கம்பு ஒன்றை வைக்கும் வழக்கமும் உண்டு. பெண்கள் அந்த மரக்கம்பைத் தொடக்கூடாது என்பார்கள். பின்னாளில் அவர்கள் பெண்களும் அணி கட்டி உலகப் போட்டிக்குப் போனார்கள் என்பது வேறு கதை.

1867-இல் மான்ட்ரியால் பல் டாக்டர் ஜார்ஜ் பீர்ஸ் இதற்கு விதிகள் வகுத்து, கனடாவின் தேசிய விளையாட்டு என்றே பிரசாரம் செய்தார். 1876-இல் மோஹாக் ஆட்டக்காரர்களை இங்கிலாந்துக்கு அழைத்துப் போய் விக்டோரியா ராணியின் முன்னால் ஆட வைத்தார்கள். நாலே வருஷம். 1880-இல், பணம் வாங்கிக்கொண்டு ஆடுகிறவர்கள் என்று காரணம் காட்டி, அதே பூர்வகுடிகளைச் சாம்பியன் போட்டிகளிலிருந்து விலக்கிவிட்டார்கள். காசு வாங்காமல் ரயில் ஏறி வந்து ஆட அவர்களிடம் என்ன வசதி இருந்தது? வீட்டுக்காரனை வெளியே தள்ளிவிட்டு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட கதைதான்.

ஆனாலும் அவர்கள் ஊரில் ஆட்டம் நிற்கவில்லை. 1930-களின் தொடக்கத்தில் ஐஸ் ஹாக்கி அரங்க முதலாளிகள், கோடையில் காலியாகக் கிடக்கும் அரங்கை நிரப்ப, சுற்றிலும் பலகைத் தடுப்பு வைத்த 'பாக்ஸ் லக்ரோஸ்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வியாபாரத்துக்காக வந்ததுதான். ஆனால் பூர்வகுடி ஊர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டன.

ஒண்டாரியோவில் பிரான்ட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் சிக்ஸ் நேஷன்ஸ் என்ற குடியிருப்பு; அதன் மையம் ஓஸ்வீகன் கிராமம். அந்த மண்ணின் ராஸ் பவ்லெஸ், பீட்டர்பரோ அணியோடு 1951 முதல் 1954 வரை நான்கு முறை தேசியக் கோப்பையான மான் கோப்பையை வென்றவர். அவர் மகன் கேலார்ட் ஓஷாவா இளைஞர் அணியில் சேர்ந்து 1964 முதல் 1967 வரை ஆண்டுதோறும் இளைஞர்களுக்கான மின்டோ கோப்பையைத் தூக்கினான். மைதானத்தில் அவனுக்கு விழுந்த அடியும் இனத்தைச் சொல்லி விழுந்த வசவும் கொஞ்சமல்ல. அவன் கோல் போட்டுத்தான் பதில் சொன்னான் என்கிறார்கள். ஓஸ்வீகன் அரங்குக்கு இன்று அவன் பெயர்தான்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். கேலார்ட் கோப்பை வென்றது வெளியூர் அணிக்காக. 1992-இல் சிக்ஸ் நேஷன்ஸ் ஊரின் சொந்த இளைஞர் அணியே மின்டோ கோப்பையை வென்றது. 1994, 1995, 1996 மூன்று வருஷமும் அவர்கள் பெரியவர் அணிக்கு மான் கோப்பை. ஐந்தாறு வயதில் கம்பைப் பிடித்து, வயதுவாரியாக ஒவ்வொரு பிரிவாக ஏறி வரும் பிள்ளைகள். ஆடி ஓய்ந்தவர்களே அடுத்தவர்களுக்குப் பயிற்சியாளர்கள். பெரிய பணக்கார ஊர்களோடு ஒரு சின்னக் குடியிருப்பு நின்று ஜெயித்தது இப்படித்தான்.

உலகப் போட்டியில் ஹவுடெனசோனி தனி நாடாகவே ஆடுகிறது. 2010-இல் மான்செஸ்டர் போட்டிக்கு அவர்கள் தங்கள் சொந்தப் பாஸ்போர்ட்டோடு கிளம்பினார்கள். பிரிட்டன் விசா தர மறுத்தது. அமெரிக்கப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். மறுத்துவிட்டு, போட்டியை இழந்து வீடு திரும்பினார்கள்.

1904 ஒலிம்பிக்கில் மோஹாக் அணி ஒன்று கனடாவின் பெயரில் வெண்கலம் வென்றது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கு லக்ரோஸ் திரும்ப வருகிறது என்றதும், இந்த முறை எங்கள் கொடியோடு ஆட விடுங்கள் என்று கேட்டார்கள். தேசிய ஒலிம்பிக் கமிட்டி உள்ள நாடுகளுக்குத்தான் இடம் என்பது ஒலிம்பிக் சங்கத்தின் பதில்.

இதைப் பேரனுக்கும் அனுப்பியிருக்கிறேன். அவன் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். மகன்தான் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும்.