பெயர் அறியாத் தூரிகைகள்

ஒரு செய்தி முடிவின்றி நீண்டுகொண்டே போனால், ‘இதென்ன கன்னித்தீவா?’ என்று கேட்பது நம் மக்களின் வழக்கம். ‘தினத்தந்தி’ நாளேட்டில் 1960ஆம் ஆண்டு தொடங்கிய அப்படக்கதை, அறுபது ஆண்டுகளைக் கடந்தும் முடியாததால் நிலைத்துவிட்ட சொல்வழக்கு இது. நீடாமங்கலம் கடைத்தெருவின் தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தவர்களுக்கும் சிந்துபாத்தைத் தெரியும். மந்திரவாதி மூசாவையும் இளவரசி லைலாவையும் தெரியும். ஆனால் அவர்களுக்கு முகம் தந்த ஓவியர் கணுவையும், அவருக்குப்பின் வரைந்த தங்கத்தையும் அறிந்தவர் எத்தனை பேர்?

இது நம் நாட்டுக் குறை மட்டுமன்று. அமெரிக்க நாளேடுகளில் வெளிவந்த மிக்கி மவுஸ் படத்தொடரை 1930 முதல் 1975 வரை, 45 ஆண்டுகள் வரைந்தவர் பிளாய்டு காட்பிரட்சன். படங்களில் காணப்பட்ட பெயரோ வால்ட் டிஸ்னி. சிவகாசியில் 1972இல் பிறந்த முத்து காமிக்ஸின் முதல் இதழிலேயே தமிழ்ச் சிறுவரைக் கவர்ந்தவன் இரும்புக்கை மாயாவி. அவனை வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின் நாட்டவர் என்பது அன்றைய வாசகருக்குத் தெரியாது.

‘பெயர் எதற்கு? தாழ்ச்சியன்றோ அழகு?’ எனச் சிலர் கேட்கலாம். தாழ்ச்சி என்பது ஒருவர் தாமே விரும்பி ஏற்பது. பிறர் அதை அவர்மேல் சுமத்தினால் அது தாழ்ச்சியாகாது, அநீதியே ஆகும். வலக்கை செய்வதை இடக்கை அறிய வேண்டாம் என்று ஆண்டவர் போதித்தது கொடுப்பவருக்கே. பெற்றுக்கொண்டவர் மறந்துவிடலாம் என்பதற்கன்று.

முதலாம் இராசராசன் 1010இல் எழுப்பி முடித்த தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டுகள், பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரையும் ஆடல் மகளிர் 400 பேரின் பெயர்களையும் இன்றளவும் காத்து நிற்கின்றன. அதே கோவிலில் 1931இல் வெளிப்பட்ட சோழர்கால ஓவியங்களைத் தீட்டிய கைகளுக்கோ பெயரில்லை. எழுதி வைக்கப்பட்டவர் ஆயிரம் ஆண்டு வாழ்கின்றார். எழுதப்படாதவர் தம் படைப்புக்குள்ளேயே மறைந்துபோகின்றார்.

விடுதலைப் பயண நூலின் 31ஆம் அதிகாரத்தில், திருக்கூடாரத்தை அணிசெய்ய வேண்டிய கைவினைஞரைக் கடவுள் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றார். அவர் யூதா குலத்துப் பெட்சலேல். அவருடைய தந்தையின் பெயரும் பாட்டனின் பெயரும்கூட அங்கே உள்ளன. உழைப்பவரைப் பெயரிட்டு அழைப்பது இறைவனின் வழக்கமென்றால், அது நம் வழக்கமும் ஆக வேண்டாமா?

நம் ஆலயங்களில் நன்கொடையாளரின் பெயர் பளிங்கில் மின்னுகின்றது, அது நன்றே. பீடத்தைச் செதுக்கிய தச்சருக்கும், சுரூபத்திற்கு வண்ணம் தீட்டியவருக்கும், தேரைக் கட்டியவருக்கும் அடுத்த விழா மலரில் ஒரு வரியேனும் ஒதுக்குவோம். அவர்களை அறிந்த முதியோர் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம்.