துவைக்கிறதும் வாஷ் பண்றதும்

லீவு நாளில் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்த நண்பர்களின் அறைக்குப் போனால் ஒரே வினைச்சொல்தான் காதில் விழும். "யூனிஃபார்ம் வாஷ் பண்ணிட்டியா?" "மச்சி, அந்தத் தட்டை வாஷ் பண்ணி வை." "பைக்கை வாஷ் பண்ணணும்டா." துவை, கழுவு, விளக்கு, அலசு எல்லாமே அதற்குள் போய்விட்டன.

ஆங்கிலத்திலும் லாண்டர், ரின்ஸ், ஸ்கிரப் என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. ஆனால் அன்றாடப் பேச்சுக்கு ‘வாஷ்’ போதும். ரஷ்ய மொழியில் அந்த வசதி இல்லை. தட்டைக் கழுவ ‘மீத்’, முகம் கழுவ ‘உமிவாத்ஸா’, துணி துவைக்க ‘ஸ்திராத்’. ஆங்கிலம் வழியாக ரஷ்யன் படிப்பவர் இங்கே தடுமாறுவார். தமிழிலிருந்து போகிறவருக்குத் துவைப்பதும் கழுவுவதும் வேறு என்று ஏற்கெனவே தெரியும்.

அந்த நேர்வழியைச் சிலர் போட்டும் வைத்தார்கள். பியாதிகோர்ஸ்கியும் ருதினும் தொகுத்த தமிழ்–ரஷ்ய அகராதி 1960இல் மாஸ்கோவில் வெளியானது. சுமார் 38,000 சொற்கள். 1965இல் அந்திரோனவ் உள்ளிட்டோர் தொகுத்த ரஷ்ய–தமிழ் அகராதி வந்தது. நடுவில் ஆங்கிலம் இல்லை.

சரி, அதனால என்ன? டால்ஸ்டாயின் நாவல் ஒன்றை ரா. கிருஷ்ணையா ‘புத்துயிர்ப்பு’ என்று தமிழில் தந்தார். அதில் மாஸ்லவாவின் உறவுக்காரப் பெண் ஒருத்தி சலவைக்கூடம் நடத்துகிறாள். அவளையும் வேலைக்குக் கூப்பிடுகிறாள். அங்கே துவைக்கும் பெண்கள் படும் பாட்டைப் பார்த்து மாஸ்லவா தயங்குகிறாள், வேறு வேலை தேடிப் போகிறாள். சலவைக்காரிக்கு ரஷ்யச் சொல் ‘பிராச்கா’. அதன் வேரான பழைய வினைக்கு அடித்தல் என்றும் பொருள். நம் ‘துவை’யிலும் அடி இருக்கிறது: "அவனைத் துவைச்சு எடுத்துட்டாங்க" என்கிறோமே. ‘வாஷ்’ என்பதன் வேரிலோ தண்ணீர்தான் இருக்கிறது, கை இல்லை.

‘துவை’யைக் காப்பாற்றுங்கள் என்று இங்கேயே முடிக்கலாம். ஆனால் ஊருக்காகக் கல்லில் அடித்துத் துவைத்தவை வண்ணார் குடும்பத்துக் கைகள். கூலி தானியமாகவும் சோறாகவும் வந்தது. கூடவே தீண்டாமையும் வந்தது. ‘வாஷ் பண்றேன்’ என்கிற பையனிடம் யாரும் "நீ என்ன சாதி?" என்று கேட்பதில்லை. அந்த விடுதலையும் நிஜம்தான்.

சொல்லை விடுவதும் வைத்துக்கொள்வதும் நம் இஷ்டம். விடுகிறபோது, அதில் யாருடைய உழைப்பு இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டு விடலாம்.