ஆங்கிலத் தேர்வும் அண்ணல் கற்ற முறையும்

நம் சமுதாயப் பிள்ளைகளுள் சிலர், பிற பாடங்களில் தேறியும் ஆங்கிலத் தாளில் தவறிப் படிப்பையே விட்டுவிடுவதை ஆசிரியர்களாகிய நாம் கண்டு வருந்துகிறோம். "படியாத வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் வராது" என்னும் எண்ணம் அவர்கள் நெஞ்சில் வேரூன்றியிருக்கிறது. இவ்வெண்ணம் தவறு என்பதற்கு அண்ணல் அம்பேத்கரின் இளமைக் காலமே சான்று.

1891-ஆம் ஆண்டில் பிறந்த அவர், சிறுவராய்ப் பள்ளியில் சாக்குத் துண்டின்மீது தனியே அமர்த்தப்பட்டார். தண்ணீர்க் குழாயைத் தொடும் உரிமையும் அவருக்கு இல்லை. சமஸ்கிருதம் கற்க இடந்தராமையால் பாரசீகம் பயின்றார். ஆங்கிலமோ எச்சாதிக்கும் பிறப்புரிமை அன்று. முயன்று பயின்றவர்க்கே அஃது உரியது. இதனை நன்குணர்ந்தவர் அவர்தம் தந்தையார் இராம்ஜி சக்பால். படைப் பள்ளியொன்றில் தலைமையாசிரியராக விளங்கிய அவர், ஹோவர்டின் ஆங்கிலப் பாட நூல்களை மகனுக்கு மனப்பாடம் செய்வித்தார். தர்க்கட்கரின் மொழிபெயர்ப்பு நூல்களைக் கொண்டு தாய்மொழி வழியே ஆங்கிலத்தைப் பயிற்றினார். கருத்துக்கு ஏற்ற சரியான சொல்லைத் தேடப் பழக்கினார். பம்பாய்ப் பரேலில் குடும்பம் முழுமைக்கும் ஒரே அறைதான். மகனை முன்னிரவில் உறங்கச் செய்து, இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்க அமர்த்திய பின்னரே தந்தையார் கண்ணயர்வார்.

1907-இல் அண்ணல் மெட்ரிக்குலேஷன் தேறினார். பெற்ற மதிப்பெண் 750-க்கு 282. இன்றைய மாணவர் இதனைக் கேட்டால் வியப்பர். ஆயினும் இட்ட அடித்தளம் உறுதியானது. 1913-இல் அவர் கொலம்பியாப் பல்கலைக்கழகம் புகுந்தார். 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில், நம் தமிழகத்து இரட்டைமலை சீனிவாசனாருடன் அமர்ந்து, ஒடுக்கப்பட்டோரின் உரிமைகளை ஆங்கிலத்திலேயே எடுத்துரைத்தார்.

இளைஞர்களே! பொருளறியாமல் விடைகளை நெட்டுருச் செய்தால், வினா சிறிது மாறியதும் எழுதுகோல் நின்றுவிடும். நாள்தோறும் ஐந்து தமிழ்த் தொடர்களை ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிழைகளைத் திருத்தி மீண்டும் எழுதுங்கள். ஒரு பத்தியையேனும் வாய்விட்டுப் படியுங்கள். முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் மனந்தளராதீர்கள்.

பெற்றோரும் உறுப்பினரும் ஆற்ற வேண்டிய கடமையும் ஒன்றுண்டு. எல்லா வீட்டிலும் ஓர் இராம்ஜி இருத்தல் அரிது. எனவே, படித்துப் பணியிலிருப்போர் மாலையில் ஒரு மணி நேரம் தத்தம் தெருப் பிள்ளைகளுடன் அமர்ந்து கற்பித்தல் வேண்டும். வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் இப்பணியைத் தொடங்குமாயின், ஆங்கிலத் தாளால் நம் பிள்ளை எவரும் பள்ளியை விட்டு நிற்கும் நிலை நேராது.